இரண்டு வலக்கை கொண்ட சோபா

எஸ்கிஷெஹிர்,
வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஜெவ்தெத் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் நிஸாமெட்டின் மரியாதையோடு எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் இங்கே நான், தங்கள் தங்கை முஸெய்யென், மகள் ஃபிலிஸ் மூவரும் சுகம். என் முழங்கால் சுகம். சோபாவும் சுகம். சாம்சுனில் தங்களுடைய சர்க்கரையும் தங்கள் வீட்டு அக்காவின் இரத்த அழுத்தமும் அளவோடு இருக்குமென்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ‘சோ’ என்று ஆரம்பித்தால் தாங்கள் ‘பா’ என்று முடித்து, கையோடு தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. மேலும், போன வாரம் தாங்கள் தங்கையிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. “அவனா? ரொட்டிக்கடையில பாக்கிச் சில்லறை கேக்கவே மூணு நாள் யோசிப்பான். அவன் எங்க சோபாவத் திருப்பி அனுப்பப் போறான்? எல்லாரையும் தரையில உக்காந்து பழகிக்கச் சொல்லு.” இது பொய்யென்று நான் வாதாடவில்லை. ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாமல் வருகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அபராதம் போடுவேன். ஆகவேதான், கீழே எழுதியிருப்பதைத் தாங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். முடிந்தால் உரக்க, அக்காவும் கேட்கும்படி.

ஃபிலிஸைப் பெண் கேட்டு பூர்சாவிலிருந்து வருகிறார்கள் என்று உறுதியானதுமே முஸெய்யென் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பழைய சோபாவின் ஸ்பிரிங் ஒன்று மேலே வந்து, உட்காருகிறவர்களைக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதுல உக்காந்தா, பொண்ணக் கேக்கறதுக்கு முன்னாடி டாக்டரக் கேப்பாங்க” என்றாள். ஃபிலிஸ் போனில் தேடி ஒரு மூலை சோபாவைக் கண்டுபிடித்தாள். மயில் கழுத்து நிறம், ‘ட’ எழுத்தைப் போல மடங்கி மூலையில் பாந்தமாக உட்காரும் ஜாதி. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கார்டு எண்ணைச் சொன்னேன், அவள் தட்டினாள், பணம் போயிற்று. பழைய சோபாவை அன்றைக்கே கட்டடக் காவலாளி துர்சுனுக்குக் கொடுத்துவிட்டோம். அவன் அந்த ஸ்பிரிங்கின் மேல் ஒரு பலகையைப் போட்டு, இன்றுவரை அரசனைப் போல உட்கார்ந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. நாங்கள் நாலாவது மாடி. மாடிப்படியில் நானும் முஸெய்யெனும் எதிரெதிரே வந்தாலே ஒருவர் பின்வாங்க வேண்டும். அதனால் தெருவிலிருந்தே பால்கனிக்குச் சாமான் ஏற்றுகிற ஏணி வண்டியைக் கூலிக்குப் பிடித்தோம். தெருவே அண்ணாந்து பார்க்க, பாலிதீன் சுற்றிய இரண்டு பெரிய பொதிகள் ஆகாயத்தில் ஊர்ந்து வந்து எங்கள் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கின. லாரிக்காரன் ஒரு காலை லிஃப்டுக்குள் வைத்துக்கொண்டு, “மாமா, ஒரு கையெழுத்து, இன்னும் ஏழு வீடு பாக்கி” என்று காகிதத்தை நீட்டினான். நான் போட்டேன். ஆனால் ரயில்வே பழக்கம் பாருங்கள், பார்சலில் கையெழுத்துப் போட்டால் கீழே ஒரு வரி எழுதாமல் என் கை ஓயாது. ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்று பொடி எழுத்தில் எழுதி, காகிதத்தைப் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

பிரித்தோம். இந்த சோபா இரண்டு துண்டாக வரும் மச்சான். ஒன்றுக்குக் கை இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம். கையில்லாத முனைகளைக் கொக்கி போட்டுச் சேர்த்தால் ‘ட’. எங்களுக்கு வந்த இரண்டுக்குமே வலக்கைதான். இடக்கை எங்கேயோ வேறொரு வீட்டில் இன்னொரு இடக்கையோடு அழுதுகொண்டிருக்க வேண்டும். சரி, தனித்தனியாக வைக்கலாமென்றால், கொக்கி உள்ள முனையில் கால் கிடையாது. உட்கார்ந்தால் ஆளோடு கவிழும். கொக்கியை மாட்டியே ஆகவேண்டுமென்றால் ஒரு துண்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் ஒன்று டிவியைப் பார்க்கிறது, மற்றது சுவரைப் பார்க்கிறது. முஸெய்யென் சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகு, “கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் உங்க மூஞ்சியப் பாக்காம உங்ககிட்டப் பேசுறேன். பரவால்லாம இருக்கு” என்றாள். அப்புறம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள் இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். பத்து நிமிஷம் குழலிசை, பிறகு தைஃபுன் என்று ஒருவர். நல்ல குரல், துக்க வீட்டில் பேசுகிற மாதிரி. முதல் நாள், “இது புது மாடல் அமைப்பு சார், இப்ப ஐரோப்பாவுல எல்லாம் இப்படித்தான்” என்றார். இரண்டாம் நாள், “நல்ல நிலையில் வந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்றார். மூன்றாம் நாள், பாலிதீனைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார். பிரிக்காமல் எப்படி சார் தெரியும் என்று கேட்டால், “அது நியாயமான கேள்விதான், ஆனா விதி அப்படி” என்றார். நான்காம் நாள், நாங்களே எங்கள் செலவில் கீழே இறக்கி இஸ்தான்புல் கிடங்குக்கு அனுப்பினால் ‘பரிசீலிக்கலாம்’ என்றார். இல்லையென்றால் ஒரு தச்சரை அனுப்புகிறார்களாம், அவர் ஒரு கையை அறுத்து அந்தப் பக்கம் ஒட்டுவாராம். நான் ஒவ்வொரு தடவையும் ‘நன்றிங்க, தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்று சொல்லித்தான் வைத்தேன். இதை மறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் முஸெய்யெனே பேசினாள். அவளிடம் அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா மச்சான்? “அம்மா, சோபா சரியாத்தான் இருக்கு. நீங்க உக்கார்ற பழக்கத்தக் கொஞ்சம் மாத்திக்கிட்டாப் போதும்.” உங்க தங்கச்சி, நாலு பஸ் மாறிப் போய் தையல் வேலை பார்த்து இந்த வீட்டை நிமிர்த்தினவ, போனை மெதுவா வச்சுட்டு சமையலறைக்குப் போய் திராட்சை இலைல சோறு வச்சுச் சுருட்ட ஆரம்பிச்சா. ஒவ்வொரு இலையையும் கழுத்தை நெரிக்கிற மாதிரி சுருட்டினா. எனக்கு அன்னிக்குத்தான் நெஞ்சுக்குள்ள ஏதோ ஒண்ணு பாயிலரில் நீராவி மாதிரி ஏறிச்சு.

ஞாயிறும் வந்தது. சம்பந்தி வெஹ்பி பே பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ‘பே’ என்ற மரியாதை சேர்க்காமல் கூப்பிட முடியாத, முதுகு வளையாத மனிதர். முறைப்படி பெரியவருக்குப் பெரிய இடம் என்று அவரை உட்காரவைத்தோம், அது சுவர்ப்பக்கம். நான் டிவிப்பக்கம். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து, தோளோடு தோள் ஒட்டியபடி, நானோ அணைத்துவைத்த டிவியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு. அவர் தொண்டையைச் செருமி, சுவரில் தொங்கிய உரக்கடை காலண்டரைப் பார்த்து, “அல்லாஹ்வோட கட்டளைப்படியும் நபிகளாரோட வாக்குப்படியும், உங்க மக ஃபிலிஸை எங்க மகனுக்குக் கேக்குறோம்” என்றார். நான் டிவியைப் பார்த்து, “பிள்ளைங்களுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்” என்றேன். பெண் கேட்கும் நாள் வழக்கப்படி ஃபிலிஸ் சோதனைக்காக உப்புப் போட்டுக் கொடுத்த காபியைச் சிரமப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்து, காபி மூக்கு வழியாக வந்தது. அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெஹ்பி பே மட்டும் சிரிக்காமல், கழுத்தை முடிந்தவரை திருப்பினார்.

“சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. இது இப்படித்தான் விக்கிறாங்களா?”

“இல்லீங்க. தப்பா அனுப்பிட்டாங்க. திருப்பி அனுப்பப் போறேன்.”

“கம்பெனிக்காரன் எடுத்துப்பானா?”

“எடுத்துத்தான் ஆகணும்” என்றேன்.

ஏன் சொன்னேன், எந்தத் தைரியத்தில் சொன்னேன், தெரியாது. ஆனால் சம்பந்தி காதில் விழுந்துவிட்டது. இனிமேல் எடுக்கவைத்தே தீர வேண்டும்.

திங்கள் காலை மாவட்ட அலுவலகத்தில் நுகர்வோர் குறைதீர் குழு என்று எழுதிய ஜன்னல் முன்னால் நின்றேன். உள்ளே நெபஹத் என்ற அம்மா. படங்களைப் பார்த்தார், சிரிப்பை அடக்கினார், லாரிக்காரன் காகிதத்தின் படத்தைப் பெரிதாக்கி என் பொடி எழுத்தைப் படித்தார்.

“இத நீங்களே எழுதினீங்களா மாமா?”

“ஆமாம்மா. மன்னிக்கணும்.”

“எதுக்கு மன்னிக்கணும்? இதுக்கு நான் டீயே வாங்கித் தரணும். காதக் குடுங்க. பொருள் குறையோட வந்தா உங்களுக்கு நாலு வழி. பணத்த வாங்கிக்கலாம், விலையக் குறைக்கச் சொல்லலாம், செலவில்லாம ரிப்பேர் கேக்கலாம், புதுசா மாத்தச் சொல்லலாம். எதுன்னு தேர்ந்தெடுக்கிறது நீங்க. அவங்க இல்ல. ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வரும்போதே இருந்ததுன்னுதான் கணக்கு. இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க. இறக்கற செலவு, ஏத்தற செலவு, எல்லாம் அவங்க தலையில.”

“தச்சர அனுப்புறேங்கிறாங்கம்மா.”

“நீங்க தச்சரக் கேட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப வேண்டாம்னு சொல்லுங்க. மனு போடுறோம், காசு கிடையாது. தீர்ப்பு வர மாசக்கணக்காகும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மனு நம்பரச் சொல்லிப் பேசிப் பாருங்க. சில பேருக்கு அதுவே போதும்.”

வழியெல்லாம் நாலையும் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். டிராமில் பக்கத்தில் இருந்தவர் நான் இறைவன் பெயரைச் சொல்லி திக்ரு ஓதுகிறேன் என்று நினைத்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டேன். உட்காரவில்லை, அந்த சோபாவில் உட்கார்ந்து சட்டம் பேச முடியாது. ஜன்னல் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பாரம் முழுக்க அதில் தொங்க, திரைக்கம்பி கிறீச்சிட்டது.

“தைஃபுன் தம்பி, ஸலாம். நாலு வழி இருக்கு. நான் மாத்தித் தரச் சொல்லிக் கேக்குறேன்.”

“சார், எங்க கம்பெனி விதிப்படி...”

“கம்பெனி விதி கம்பெனிக்கு. சட்டம் நம்ம ரெண்டு பேருக்கும். மனு நம்பர் எழுதிக்கிறீங்களா?”

“நீங்க கையெழுத்து...”

“கையெழுத்துக்குக் கீழ ஒரு வரி இருக்கு. பெருசாக்கிப் படிங்க. அப்புறம் தம்பி, எங்க வீட்டம்மாவ உக்கார்ற பழக்கத்த மாத்திக்கச் சொன்னீங்க. அவங்க பழக்கத்த முப்பத்து நாலு வருஷமா என்னாலயே மாத்த முடியல. நீங்க மொதல்ல உங்க பேசுற பழக்கத்த மாத்துங்க. மன்னிப்புக் கேளுங்க, பக்கத்துலதான் இருக்காங்க.”

மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. குழலிசை இல்லை மச்சான். முதல் தடவையாக இசையில்லாமல் எங்களைக் காக்கவைத்தார்கள். பிறகு, “அம்மா, தவறாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க” என்று ஒரு சின்னக் குரல். “வியாழக்கிழமை வண்டி வரும் சார். செலவு எங்களோடது.” அந்த நேரம் திரைக்கம்பி கழன்று என் தலையில் விழுந்தது. மூன்றாம் மாடியிலிருந்தும் ஐந்தாம் மாடியிலிருந்தும் கை தட்டுகிற சத்தம் கேட்டது. பால்கனிக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. முஸெய்யென் கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் தலையைத் தடவிப் பார்த்து, “வீங்கல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு டீயில் அவளே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அதை நான் கடைசியாகப் பார்த்தது ஃபிலிஸ் பிறந்த வருஷம்.

நேற்று வியாழன். அதே லாரி, அதே ஆள், அதே காகிதம். “மாமா, ஒரு கையெழுத்து.” நான், “மொதல்ல பிரிங்க” என்றேன். “எங்க, ரோட்டுலயா?” “ரோட்டுலதான்.” நடைபாதையில் பிரித்து, கொக்கி மாட்டி, ‘ட’ போட்டு வைத்தார்கள். ஒரு கை இடம், ஒரு கை வலம். நான் உட்கார்ந்தேன். முஸெய்யென் உட்கார்ந்தாள். துர்சுன் டீ கொண்டுவந்தான். ஐந்தாம் மாடி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள், காய்கறிக் கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், கடைசியில் இடம் மிச்சமிருந்ததால் லாரிக்காரனையும் உட்காரவைத்து டீ கொடுத்தோம். “நல்லா இருக்கு மாமா” என்றான். “அதான். இப்பக் குடுங்க காகிதத்த” என்று கையெழுத்துப் போட்டேன், ‘பிரித்துப் பார்த்தேன், உட்கார்ந்தும் பார்த்தேன்’ என்று பெரிய எழுத்தில். ஏணி வண்டியில் இரண்டு வலக்கைகளும் இறங்க, புதியது ஏற, தெரு முழுக்கக் கை தட்டியது. காலையிலிருந்து மூன்று பேர் ஓடாத மிக்சியும், நீர் ஒழுகும் துணி துவைக்கும் இயந்திரத்தின் ரசீதுமாக வந்து போய்விட்டார்கள். என்னை இப்போது ‘நாலு வழி நிஸாமெட்டின்’ என்கிறார்கள்.

ஆகவே மச்சான், தரையில் உட்காரும் யோசனைக்கு நன்றி. அடுத்த முறை வரும்போது இடப்பக்கம் வேண்டுமா வலப்பக்கம் வேண்டுமா என்று முன்கூட்டியே எழுதவும், இரண்டும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களின் கைகளையும் சிறியவர்களின் கண்களையும் முத்தமிட்டு, எல்லோருக்கும் ஸலாம் கூறி, ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பிறர் பேசும்போது கேட்கும் பொறுமையையும் தரவேண்டுமென்று வேண்டி நிறுத்துகிறேன்.

தங்கள் அன்புள்ள,
நிஸாமெட்டின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பூர்சாவிலிருந்து வெஹ்பி பே போன் செய்தார். அன்றைக்கு எங்கள் கூடத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். நிச்சயதார்த்தப் பரிசாக, எங்களிடம் சொல்லாமல், ஒரு பெரிய மூலை சோபா வாங்கி அனுப்பிவிட்டாராம். நாளை காலை லாரி வருகிறதாம், செங்கல் சிவப்பு நிறமாம். உடனே நெபஹத் அம்மாவுக்குப் போன் போட்டேன். சம்பந்தி கொடுத்ததைத் திருப்பி அனுப்ப எந்தச் சட்டத்திலும் வழியில்லையாம், நாலில் ஒன்று கூட. மச்சான், உங்கள் வீட்டுக் கூடம் எத்தனை மீட்டர் நீளம்? கடிதமெல்லாம் வேண்டாம், உடனே போன் பண்ணுங்க.