ஜானெல் கடைக்கு வராதவர்களைப் பற்றி

79ஆம் தெரு, சிகாகோ,
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான ஓசெல்லா அக்காவுக்கு, உன் தம்பி ராஸ்கோ ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மிசிசிப்பியில் மழை பெய்து உன் வெண்டைச் செடிகள் காய்த்திருக்கும் என்றும் நம்புகிறேன். விசாரிப்பு இவ்வளவு போதும். எனக்கு வயிறு எரிகிறது, அக்கா.

நேற்று புது சீயோன் சபையில் நான் ஆவியில் நிறைந்து ஆடினேன் என்று சகோதரி வெல்மா உனக்கு போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். நம்பாதே. எனக்கு வந்தது ஆவி இல்லை, கோபம். முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனுக்கு வரக்கூடிய சுத்தமான, கலப்படமில்லாத கோபம். என் மகள் ஜானெல் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு கடையை மூடுகிறாள். அதைச் சொல்லத்தான் எழுந்து நின்றேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பேட்டையில் இருந்த ஒரே சூப்பர் மார்க்கெட்டை, இங்கே லாபமில்லை என்று சொல்லி மூடிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் ஊர்வலம் போனோம். பாஸ்டர் கிரிம்ஸ் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாம யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது! நம்ம காசு நம்ம தெருவுலயே சுத்தணும்!" என்று முழங்கினார். எல்லாரும் முஷ்டியை உயர்த்தினார்கள். என் மகளும் உயர்த்தினாள். பாவி மகள், உயர்த்தியதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதை நிஜமென்று நம்பி, ஆஸ்பத்திரியில் இருந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டுக் காய்கறிக் கடை வைத்தாள்.

திறப்பு விழாவை நீ பார்த்திருக்க வேண்டும். மேளம் என்ன, ஆப்பிரிக்கத் துணியில் தலைப்பாகை என்ன, நகராட்சி உறுப்பினர் என்ன! "கறுப்பே நம் பெருமை" என்று நெஞ்சில் எழுதிய சட்டையை ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு வந்தார்கள். என் முன்னால் நின்றவனின் காலரைத் திருப்பிப் பார்த்தேன், கடல் கடந்து எங்கேயோ தைத்த சட்டை. சரி, தொலையட்டும். அத்தனை பேரும் கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பார்த்தால் கீரை வைத்தது வைத்தபடி இருந்தது.

மறுநாள் வந்தவர்கள் எப்படி வந்தார்கள் தெரியுமா? சகோதரி வெல்மா ஒரு கட்டுக் காலர்டு கீரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுல போட்டிருக்கிற விலை இருக்கட்டும்மா, நம்ம ஆளுக்கு எவ்வளவு?" என்றாள்.

"இங்க வர்ற எல்லாருமே நம்ம ஆளுதானே அத்தை" என்றாள் ஜானெல்.

"அடேயப்பா! கடை வெச்ச மறுநாளே பெரிய மனுஷி ஆயிட்டா பாரு!"

இதே வெல்மா ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய கிடங்குக் கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறாள். போட்ட விலையை வாயைத் திறக்காமல் கொடுக்கிறாள். வெளியே போகும்போது வாசலில் ஒருத்தன் அவள் ரசீதை வாங்கிச் சரிபார்க்கிறான், திருடியா என்று பார்க்கிற மாதிரி. அவனுக்கு "தேங்க் யூ" வேறு சொல்கிறாள்! ஆனால் ஜானெல் கடை திறந்த புதிதில் ஒரே ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து நிமிஷம் தாமதமாகத் திறந்தாள். "நம்மாளுங்களே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போன மூப்பர் க்ளீவன், அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. மூன்று வருஷம்! பத்து நிமிஷத்துக்கு மூன்று வருஷம்!

பேங்க் கதையைக் கேட்டால் நீ கைத்தடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவாய். குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டது என்று கடன் கேட்டாள். "உங்க ஏரியா சரியில்லை" என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். பிப்ரவரி வந்தது. பிப்ரவரி கறுப்பர் வரலாற்று மாதம், அப்போதுதான் எல்லாருக்கும் நம் ஜனத்தின் ஞாபகம் வருமே, அதே பேங்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "உங்க படம் ஒண்ணு வேணும், சுவத்துல மாட்டணும்" என்றாள். மாட்டினார்கள். ஆள் உயரத்துக்கு ஜானெல், கையில் தக்காளிக் கூடை, கீழே "சமூகத்தின் பெருமை." மார்ச் ஒன்றாம் தேதி போய்ப் பார்க்கிறேன், அந்த இடத்தில் கார் கடன் விளம்பரம். எடுத்த படத்தையாவது அவளிடம் கொடுத்தார்களா? இல்லை.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். சபையின் ஆண்டு விழா. பாஸ்டர் அன்றைக்கு என்று சுயசார்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருந்தார். நான் காலையில் பீச் பழப் பலகாரத்தை வைப்பதற்காகக் கீழே சமையலறைக்குப் போனேன். அங்கே விருந்துக்கு அடுக்கியிருந்த கீரை, கிழங்கு, கோழி, அத்தனையிலும் அந்தக் கிடங்குக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. என் மகளின் கடை சபையிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி இருக்கிறது, அக்கா! என் கையால் செய்த பலகாரம் ஒன்றுதான் அந்த மேசையில் நேர்மையான பதார்த்தம் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தேன்.

பாஸ்டர் "நம் கையே நமக்கு உதவி" என்று முடித்தார். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எழுந்தேன். "பேர் சொல்லியே பேசப் போறேன்" என்றேன்.

"பேசுங்க ஐயா!" என்றது சபை.

"சனிக்கிழமை பத்தரை மணிக்கு, அந்தக் கிடங்குக் கடையில, கோழி வரிசையில நின்னது யாரு? மூப்பர் க்ளீவன்!"

"ஆமென்!" என்றார் மூப்பர் க்ளீவன்.

"கீரையை வண்டி வண்டியா ஏத்தினது யாரு? பாஸ்டரம்மா!"

"அல்லேலூயா!" என்று பாஸ்டரம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

ஆர்கன் வாசிக்கிறவன் மெதுவாக ஆரம்பித்தான். அவன் வாசித்தால் சாட்சி சொல்கிறவர் நிறுத்த வேண்டும் என்பது வழக்கம். நான் நிறுத்தவில்லை, கத்தினேன். அவன் சத்தத்தைக் கூட்டினான். நான் பெஞ்சைக் குத்தினேன். அவ்வளவுதான், எனக்கு ஆவி வந்துவிட்டது என்று முடிவு பண்ணிவிட்டார்கள்! வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு சகோதரிகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள், உடைந்துவிடக் கூடாதாம். இன்னொருத்தி விசிறினாள். விசிறியில் என்ன போட்டிருக்கிறது? நம் தெரு சவ அடக்கக் கடை விளம்பரம். நம் ஜனம் பேரம் பேசாமல் போகிற ஒரே சொந்தக் கடை அதுதான், அக்கா.

"என் பொண்ணு கடை சாகுதுய்யா!" என்று அலறினேன்.

"விட்டுடுங்க ஐயா, எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட விட்டுடுங்க!" என்று சொல்லிச் சொல்லி விசிறினாள் அந்தச் சகோதரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் ஆவி என்றார்கள். நாலு பேர் எழுந்து குதித்தார்கள். அன்றைக்குக் காணிக்கை வழக்கத்தைவிட அதிகம் விழுந்ததாம், பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். கடைசி பெஞ்சில் ஜானெல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். விருந்தில் எல்லாரும் அவளைக் கட்டிப் பிடித்து, "உன்னைப் பார்த்தா எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!" என்றார்கள். வெல்மா மட்டும் காதோரமாக, "மூடுறப்ப எல்லாம் பாதி விலைக்குப் போகுமாம்மா?" என்று கேட்டாள். என் மகள் சிரித்துக்கொண்டே "சொல்றேன் அத்தை" என்றாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நம் ஜனத்துக்குப் பெருமையில் குறைச்சல் இல்லை. சட்டையில் இருக்கிறது, சுவரில் இருக்கிறது, ஆமென்னில் இருக்கிறது. பைக்குள் கை போகும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. இதை நீ உன் சபையில் வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி விடாமல்.

கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் உன் கோழிகளையும் காப்பாராக. பிள்ளைகள் எல்லாருக்கும் என் முத்தங்கள்.

உன் அன்புத் தம்பி,
ராஸ்கோ பெட்டவே

பி.கு.: சபையில் வாசிக்க வேண்டாம், அக்கா. கடிதத்தை எடுத்துக்கொண்டு கவரும் தபால்தலையும் எடுக்க ஜானெல் கடைக்குப் போனேன். அவள் வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். விசிறி வந்த இடத்தில் சிரித்துக்கூட விட்டாள். அப்புறம், "ஏம்ப்பா, சனிக்கிழமை பத்தரைக்கு இவங்க எல்லாரும் எந்த வரிசையில நின்னாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பீச் பழம் அங்க கொஞ்சம் மலிவும்மா" என்றேன்.

மேலே எழுதியிருக்கிற பெயர்களோடு என் பெயரையும் நீயே சேர்த்துக்கொள். பழ வரிசை. ஜானெல் கவரில் தபால்தலையை ஒட்டிக் கொடுத்தாள். இந்தக் கடையில் மூன்று வருஷமாக எத்தனையோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், நேற்றுவரை விலை கேட்டதில்லை. இன்றைக்குத்தான் பர்ஸைத் திறந்து, "எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

"நீங்க நம்ம ஆளுப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் அலமாரிகளைக் காலி பண்ணப் போய்விட்டாள்.