நான்கு ஞாயிறுகளில் முக்தி

முக்திக்குச் சைவத்தில் நான்கு படிகள்: சரியை, கிரியை, யோகம், ஞானம். கோயில் வாசலைக் கூட்டுவதில் தொடங்கி, சிவத்தோடு ஒன்றாகிப் போவதில் முடியும் வழி. ஏறி முடிக்கப் பல பிறவிகள் ஆகும் என்று பெரியவர்கள் எழுதி வைத்தார்கள். மதுக்கரைக்கு வந்து இறங்கிய சக்திநிபாத சுவாமிகள் நான்கே ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தார். காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை. மதியச் சாப்பாடு உண்டு.

கல்யாண மண்டபம் கொள்ளவில்லை. சிங்காநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகள் தனி பஸ்ஸில் வந்தார்கள். காரணம் எளிது. மற்ற சாமியார்கள் அருள் இறங்கும் என்று சொல்வார்கள். இவரிடம் நிஜமாகவே இறங்கியது. ஈரக் காலோடு செம்புத் தட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். மரப்பலகையில் அமர்ந்திருக்கும் சுவாமிகள் தன் செம்புத் தண்டத்தால் தோளைத் தொடுவார். உடம்பு தூக்கிப் போடும். சரியைக்கு லேசாக, கிரியைக்குச் சற்றுக் கூடுதலாக, யோகத்துக்குப் பல் கிட்டும்படியாக. ஞானத்துக்கு ஆள் கீழே விழுவார். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி மாலை போடுவார்கள்.

பலகைக்கு அடியிலிருந்து நொடிக்கொரு தரம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சிவனின் உடுக்கை ஒலி அது என்று சுவாமிகள் விளக்கியிருந்தார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. கும்பிடுவதற்காகக் குனிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

காணிக்கையும் படிப்படியாகத்தான். சரியைக்குப் பூ, கிரியைக்கு வெள்ளி விளக்கு, யோகத்துக்குப் பொன். ஞானத்துக்கு மண். மண் என்றால் கைப்பிடி மண் இல்லை, பத்திரத்தோடு கூடிய மண்.

அரங்கசாமி மூன்றாம் படிக்கு வந்திருந்தார். மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்த விவசாயி. இரண்டு வருடமாக மழை இல்லை, அதற்கிடையே அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மனசுக்கு ஒரு பிடி தேவைப்பட்டது; தண்டத்தைப் பிடித்துக்கொண்டார். தோப்பைச் சுவாமிகளின் மடத்துக்கு எழுதி வைக்க முடிவு செய்து பத்திரமும் தயார். தோப்பில் மோட்டார் போடுவதும் வேலி பார்ப்பதும் காய் எண்ணி ஏற்றுவதும் அவர் மனைவி பிரவீனா. அவளிடம் அதைக் கடைசியாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க மாமா, தோப்பை எழுதிக் குடுத்துப்போட்டு நாம எங்க போறதுங்க?"

"சிவன்கிட்டத்தான் அம்மணி. நீயும் ஒருக்கா வந்து தீட்சை வாங்கிப் பாரு. அப்பறம் இப்படிக் கேக்க மாட்ட."

போனாள். காலை நனைத்தார்கள். தட்டில் ஏறினாள். தண்டம் தோளில் பட்டது. உடம்பு குலுங்கியது. மண்டபமே 'சிவ சிவ' என்றது. பிரவீனா தோளைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"எறங்குச்சா?" என்று ஆவலாகக் கேட்டார் அரங்கசாமி.

"எறங்குச்சுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"நம்ம தோப்பு வேலி மாதிரியே இருந்துச்சுங்க மாமா."

அரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு, ஒரே தீட்சையில எப்படிப் பேசற! சாமி நமக்கு வேலிதான் அம்மணி."

அவள் சொன்னது உவமை இல்லை. போன மாதம் வேலியோரம் களை பிடுங்கும்போது அவள் கை கரண்டு ஓடும் கம்பியில் பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஞான தீட்சை. மறுநாள் பத்திரப் பதிவு. அரங்கசாமி பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சுவாமிகள் ஆசீர்வதிக்க வேண்டுமாம். பிரவீனா பூக்கூடையோடு பின்னால் வந்தாள். அரங்கசாமி தட்டில் ஏறப் போன நேரத்தில் குறுக்கே வந்து நின்றாள்.

"சாமி, இவியளுக்கு முன்னால இதுக்கு ஒரு தீட்சை குடுத்துப்போடுங்க."

பூவுக்கு அடியிலிருந்து கைக்கடக்கமாக ஒரு கருவியை எடுத்தாள். அதிலிருந்து தொங்கிய ஒயரின் நுனியைத் தட்டில் வைத்தாள். சுவாமிகள் கையை இழுப்பதற்குள் கருவியின் முனையால் தண்டத்தைத் தொட்டாள்.

டிக். சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. டிக். மறுபடி எரிந்தது. உடுக்கைச் சத்தத்துக்குச் சரியாக.

முன்வரிசையில் இருந்த பொங்கியண்ணன் எழுந்துவிட்டார். அவரும் தோட்டக்காரர்.

"அட, இது வேலிக்குக் கரண்டு வருதான்னு பாக்கற டெஸ்டர் அல்லங்க? எங்கூட்லயும் ஒண்ணு கெடக்குதுங்க!"

"அகங்காரி! அருளைக் கருவியால் அளக்காதே!" என்றார் சுவாமிகள்.

"சரிங்க சாமி, அளக்கலை. நீங்களே காலை நனைச்சுட்டு இந்தத் தட்டுல நில்லுங்க. தண்டத்தை நான் வைக்கறேன்."

"நாம் ஏற்கெனவே முக்தி அடைந்துவிட்டோம்."

"அப்பறம் என்னங்க, பயமில்லாம நிக்கலாமே."

சுவாமிகள் நிற்கவில்லை. பொங்கியண்ணன் போய்ப் பலகைமேல் தொங்கிய புலித்தோல் போர்வையை விலக்கினார். செயற்கைப் புலிதான். கீழே ஒரு பேட்டரி. பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட திருகு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததை அவர் மண்டபத்துக்கே கேட்கும்படி படித்தார்:

"'யானை, காட்டுப்பன்றிகளைத் தடுக்க மட்டும். மனிதர்கள் தொட வேண்டாம்.'"

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் தோட்டத்தில் அதே பெட்டி இருந்தது. தோட்டத்தில் அதைத் தாண்டிப் போவார்கள். மண்டபத்தில் அதன்முன் விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள்.

சுவாமிகள் தளரவில்லை. "பேட்டரியிலிருந்து வந்தால் என்ன? அந்தச் சக்தியும் சிவசக்திதானே?"

பத்துப் பதினைந்து தலைகள் 'ஆமாம்' என்று ஆடவும் செய்தன.

"அப்படின்னா எங்க தோப்புலயும் சிவன் இருக்காருங்க. அவரு பத்திரம் கேக்கறதில்லைங்க," என்றாள் பிரவீனா.

முதலில் சிரித்தது அரங்கசாமிதான். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கியது. பத்திரத்தை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: "மூணு வாரமா நாலாப் பக்கமும் பாத்தேன் அம்மணி, கீழ மட்டும் ஏன் பாக்கலை?"

சுவாமிகள் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேன் ஏறிவிட்டார். வேறு ஊரில் வேறு பலகை போடுவார். அங்கேயும் 'டிக்' என்று கேட்கும். கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடுங்கள். கண்ணை மூடுவதற்கு முன்னால், ஒயர் எங்கே போகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.