சின்ன ஜன்னலில் ஒரு வேண்டுதல்

"இனிமே இந்த வீட்டுல ஒரு சேதிகூட வழியில தொலையாது" என்று என் வீட்டுக்காரர் அறிவித்தார். அப்போது அவர் கையில் மூன்று கதவுக் கீல்கள் இருந்தன. நான் வாங்கி வரச் சொன்னது துணி சோப்பு.

இவர் முப்பத்து நாலு வருஷம் தபாலாபீஸில் தபால் பிரித்தவர். ஊர் உலகத்துக் கடிதமெல்லாம் இவர் கைபட்டு உரிய விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சொல்வது மட்டும் இவர் காது வரைக்கும் வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடும். ஓய்வு பெற்றதும் நூலகத்தில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கென்று ஒன்று செய்ய ஆரம்பித்தார். விண்டோ என்று எல்லோரும் சொல்வதை இவர் ஜன்னல் என்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

திட்டம் இதுதான். பெரிய ஜன்னலில் ஒரு பொத்தானை அழுத்தினால் சின்ன ஜன்னல் திறக்கும். வேண்டிய சாமானை நான் அதில் எழுதி மூட வேண்டும். எழுதியது இவருடைய பெரிய ஜன்னலில் வந்து நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"சின்ன ஜன்னலை மூடினா அதுல இருந்தது அத்தனையும் அதோடவே போயிடுது. பெரிய ஜன்னலுக்கு ஒண்ணுமே தெரியல."

"நான் கடைக்குக் கிளம்பும்போது என்ன பண்றேன்? சாவியை உங்க கையில கொடுத்துட்டுத்தானே கதவை மூடுறேன்? நீங்களும் கையை நீட்டி வாங்கிக்கிறீங்கல்ல?"

"இது புரோகிராம். உனக்குப் புரியாது" என்றார். பிறகு என்னையே பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். அரை மணி நேரத்தில், "கண்டுபிடிச்சிட்டேன்! மூடுறதுக்கு முன்னாடி கொடுக்கணும், பெரியவர் வாங்கிக்கத் தயாரா நிக்கணும்!" என்று கத்தினார். அன்றிலிருந்து அது அவர் கண்டுபிடிப்பு.

"எழுத்தோட அளவுகூட நீ வச்சபடியே அங்க வரும், பாத்தியா" என்று காட்டினார்.

பார்த்தேன். இவர் மூக்கு திரையில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார், ரொம்பவும் முற்ற விட்டால் பிறகு எவ்வளவு பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று. மகள் போனில் அழுதுகூடப் பார்த்தாள். இவரோ, "கண்ணுல கோளாறு இல்ல, பல்புல கோளாறு" என்று வீட்டிலுள்ள அத்தனை பல்பையும் மாற்றினார். வீடு நகைக்கடை மாதிரி ஜொலித்தது. இவர் அந்த வெளிச்சத்தில் நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

இவருக்கு ஆபரேஷன் என்றால் பயம். ஆனால் அந்தச் சொல்லை இவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் சண்டைதான் வரும்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரில் என் பெயருக்குப் புதிதாக ஒரு பொத்தான் முளைத்தது. "பிரார்த்தனை" என்று போட்டிருந்தது.

காலையில் நான் கண்ணை மூடி உட்காரும்போது என் உதடு அசைவதைக் கல்யாணமான நாளிலிருந்து இவர் பார்த்து வருகிறார். "என்னைப் பத்திப் புகார் போகுதா?" என்று கேட்பார். "அது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல" என்பேன்.

"இதுல எழுது. மூடு. அவ்வளவுதான். ஒருத்தர் கண்ணுலயும் படாது" என்றார்.

"மூடுறதுக்கு முன்னாடி யார் கையில கொடுக்கும்?"

"இதுக்கு... பெரிய ஜன்னல் கிடையாது. நேரா ஆகாசம்தான்" என்று சொல்லிவிட்டு இருமினார்.

இவருக்குப் பொய் வந்தால் இருமலும் கூடவே வரும்.

சோதித்துப் பார்ப்போமே என்று எழுதினேன்: 'கடவுளே, அடுப்படிக் குழாய் நாலு மாசமா சொட்டுது.' மறுநாள் காலை பத்து மணிக்குக் குழாய்க்காரர் வாசலில் நின்றார்.

"என்னங்க திடீர்னு?"

"தோணிச்சு" என்றார். இருமினார்.

'கடவுளே, இவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுறார்.' துண்டு கொடிக்கு ஏறியது. 'கடவுளே, ஒரு நாளாவது என்கூட நடக்க வரலாம்.' சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அத்தனை வருஷம் ஆகாசத்தைப் பார்த்துக் கேட்டது, இப்போது அடுத்த அறையிலிருந்து கிடைத்தது.

எனக்கு மனசு உறுத்தியது. ஒரு நாள் காலையில் கண்ணை மூடி முறைப்படி அனுமதி கேட்டேன். 'உன் பேரைப் போட்டு இவருக்கு எழுதுறேன். தப்புன்னா சொல்லிடு.' ரொம்ப நேரம் காத்திருந்தேன். மறுப்பு வரவில்லை.

ஆனாலும் பொய் பொய்தானே. அதனால் ஒவ்வொரு வேண்டுதலுக்கும் கீழே உண்மையை ஒரு வரி எழுதிவைத்தேன். எழுத்தின் அளவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி. இவர் பெரிய ஜன்னலில் கடவுச்சொல் போட்டு அதைத் திறந்து படிப்பதை அடுப்படி வாசலிலிருந்து பார்ப்பேன். மேலே உள்ளதைப் படிப்பார். கீழே வந்ததும் கண்ணைச் சுருக்குவார். கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைப்பார். ஊதுவார். திரும்பத் துடைப்பார்.

"இந்த வீட்டுல தூசி ஜாஸ்தியாயிடுச்சு" என்று என்னிடமே குறை சொன்னார்.

தைரியம் வந்து, 'கடவுளே, இவர் கண்ணை டாக்டரிடம் காட்டட்டும்' என்று எழுதினேன். அன்று குழாய்க்காரர் யாரும் வரவில்லை. இரண்டு நாள் இவர் என்னிடம் சரியாகப் பேசவுமில்லை. மூன்றாம் நாள் காபியை நீட்டினேன். "மேஜை மேல வை" என்றார். மேஜை அந்தப் பக்கம் இருந்தது. இவர் காட்டியது தையல் மெஷினை.

அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன்.

'கடவுளே, இவர் என்கிட்ட பேசும்போது என் காதுக்குப் பக்கத்துல இருக்கிற சுவரைப் பார்த்துப் பேசுறார். நானும் சுவர் மாதிரியே பதில் சொல்லிட்டு வந்துடுறேன். இவருக்குப் பயமா இருக்கு. அது எனக்குத் தெரியும்னு இவருக்குத் தெரிய வேண்டாம். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் நான் கையைப் பிடிச்சிட்டுப் போறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோ. இவர் என் முகத்தை இன்னும் கொஞ்ச காலம் பார்க்கணும்.'

மூடினேன். இவர் படித்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பு இல்லை. ஆனால் அன்றைக்குத் திரையைத் துடைக்கும் சத்தம் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

காலையில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். "அந்தப் பக்கமா ஒரு வேலை இருக்கு. அப்படியே கண் டாக்டரையும் பாத்துட்டு வரலாமா? நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"வர்றேன்."

"வராட்டியும் சரிதான். ஆனா வா."

பத்து நாளில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கதவு வரைக்கும் என் கையை விடவில்லை. நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்தார்.

"உனக்கு இவ்வளவு நரைச்சிடுச்சா?"

"எனக்கு எப்பவோ. உங்களுக்கு இன்னிக்குத்தான்."

ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது என்றார்கள். எட்டாம் நாள் காலையில் அடுப்படிக்கு வந்து நின்றார். பிடிபட்ட குற்றவாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது."

"சொல்லுங்க."

"நீ பிரார்த்தனை ஜன்னல்ல எழுதினது மேல போகல. என்கிட்டதான் வந்துச்சு. குழாய், துண்டு, எல்லாம் நான்தான். கடவுள் இல்ல." கட்டிய கையைப் பிரித்தார். "அது தெரியாம நீ அவ்வளவு நம்பி எழுதிட்டிருந்தே. உன்னை ஏமாத்திட்டேன்."

இருமவே இல்லை. பாவமாக இருந்தது. சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, போனது போகட்டும். அந்தத் திரையில தினமும் ஒரே இடத்துல தூசின்னு துடைச்சீங்களே, இப்ப போய்ப் பாருங்க."

போனார். நாற்காலி இழுபடும் சத்தம். நான் மெதுவாகப் பின்னால் போய் நின்றேன். புதுக் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்:

"கடவுள்கிட்ட நான் நேரிலேயே பேசிக்கிறேன். இந்த ஜன்னல் உங்களுக்குத்தான். துடைக்காதீங்க, இது தூசி இல்ல."