நாற்பது பக்கமும் ஒரு கையெழுத்தும்

மேசைமேல் இருந்த தொலைபேசி அலறிய அலறலில் நூலகரின் காப்பி சட்டையில் கொட்டியது.

"சார், அம்மாவுக்கு இன்னிக்கு என் பேரே ஞாபகம் வரல. எப்போ பதிவு பண்ண வரீங்க?"

பேசியது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மாளின் மகள். முப்பது வருஷம் ஊருக்கே இணைப்புக் கொடுத்தவர் அந்த அம்மாள். பிரசவச் செய்தி, சாவுச் செய்தி, ஓடிப்போன ஜோடியின் கடைசி அழைப்பு, எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருந்தன. அந்தக் குரலை நூலகத்தில் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது நூலகரின் ஆசை.

"மானியம் வந்த மறுநாளே வரேம்மா."

"கையிலதான் போன் இருக்கே சார், போய்ப் பதிவு பண்ணிட்டு வந்துடலாமே?" என்றார் எதிர் மேசைத் தட்டச்சுக்கார அம்மா.

"விதி தெரியாம பேசாதீங்க. ஆரம்பிச்சுட்ட வேலைக்கு எந்த நிதியமும் தராது."

விதி அவருக்குத் தெரியாதா என்ன? பண்பாட்டு நிதியம் ஒன்றுக்கு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடும் கௌரவப் பதவி அவருக்கு. பெயர்களை மறைத்து அனுப்புவார்கள். காப்பி ஆறுவதற்குள் இவர் தீர்ப்புச் சொல்லுவார். தட்டச்சுக்கார அம்மா அடித்து அனுப்புவார்.

இவர் கேட்ட முதல் நிதியம், 'கட்டடங்களுக்கு மட்டுமே' என்றது. எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைச் சேர்த்து இன்னொன்றுக்கு அனுப்பினார். 'தொழில்நுட்பம் போதாது' என்று திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல், விண்ணப்பம் எழுதுவதில் புலி என்று பெயரெடுத்த மச்சானைக் கூப்பிட்டார்.

"வயசான அம்மா கதைன்னா எவன் அத்தான் திரும்பிப் பாப்பான்? 'ஒலிசார் நினைவுவெளி'ன்னு போடுவோம்!"

நாலு பக்க விண்ணப்பம் நாற்பதானது. அம்மாள் முதலில் 'பயனாளி' ஆனார், பிறகு 'தரவு மூலம்' ஆனார், கடைசியில் அடிக்குறிப்பில்கூட இல்லை.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் தட்டச்சுக்கார அம்மா.

"நாப்பது பக்கத்தையா? நம்ம வீட்டுப் பிள்ளைதானேம்மா எழுதியிருக்கான்." போட்டுவிட்டு மச்சானைக் கேட்டார். "எந்த நிதியத்துக்குடா அனுப்பறே?"

"சொன்னா ராசி போயிடும் அத்தான்."

ஒரு மாதம் ஓடியது. வழக்கம்போல் தனக்கு வந்த மூன்று விண்ணப்பங்களை நூலகர் கிழித்துத் தொங்கவிட்டார். அதற்கடுத்த மாதம் அம்மாளின் மகள் கூப்பிட்டாள்.

"இனிமே வர வேண்டாம் சார்." குரலில் கோபம் இல்லை, அதுதான் சுருக்கென்றது. "அம்மா பேச்சு நின்னு நாலு நாளாச்சு. கடைசியா, 'லைன்ல இருங்க'ன்னாங்க."

நூலகர் ரிசீவரை வைத்தார். போய்விட்டு வர இருபது நிமிஷம்கூட ஆகாத வீடு.

அவர் சட்டைப்பைக்குள் கைபேசி அடித்தது. மச்சான். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊத்திக்கிச்சு அத்தான். மதிப்பீட்டாளர் எழுதியிருக்கறதைக் கேளுங்க. 'நாற்பது பக்கம் புரட்டினேன். ஒரு மனிதர்கூடத் தட்டுப்படவில்லை.'"

நூலகர் எழுந்தே விட்டார். "எவன்டா அந்த மேதாவி? அந்த அம்மாவை ஒரே ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பானா?"

தட்டச்சுக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், அந்த வரியைப் போன மாசம் நீங்க சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன்."