முப்பத்தேழாம் இலக்க மீன்

வலையில் வந்த ஐம்பது விளைமீனில் நாற்பத்தெட்டின் முதுகில் மஞ்சள் துண்டு தொங்கியது. மீன் ஆராய்ச்சியாளன் இராகுலன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான்.

கடலில் தலை எண்ண முடியாதே! அதனால் போன மாதம் இருநூறு மீனுக்கு இலக்கத் துண்டு குத்தித் திருகோணமலைக் குடாவில் விட்டிருந்தான். இப்போது பிடிபடும் ஐம்பதில் இரண்டுக்குத் துண்டு இருந்தால், இருபத்தைந்துக்கு ஒன்று; குடாவில் ஐயாயிரம் மீன். நாற்பத்தெட்டுக்கு இருந்தால்? மொத்தமே இருநூற்றெட்டு. வெள்ளிக்கிழமை இந்தக் கணக்கு மேலிடத்துக்குப் போனால் மீன்பிடிக்குத் தடைதான். மீனவர் ஊரான கிண்ணியாவில் பாதி அடுப்பு எரியாது.

படகோட்டி றஊப் நானாவோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்கட மீன் வந்திட்டா சேர்? அல்ஹம்துலில்லாஹ்!"

"சிரிக்காதேங்கோ நானா. நாளைக்குச் சீனன்குடாப் பக்கம் போடுவம்."

அங்கே ஐம்பதில் நாற்பத்தொன்பது. அதிலொன்று முப்பத்தேழாம் இலக்கம். ஒரு கண் வெள்ளை. துண்டு குத்திய அன்று இராகுலனின் விரலை முள்ளால் பதம் பார்த்த மீன். காயம் இன்னும் ஆறவில்லை.

"நானா, இதை நேற்றும் பிடிச்சு விட்டனான். இவ்வளவு தூரம் எப்பிடி வந்தது?"

"ராசியான மீனாக்கும் சேர்."

மூன்றாம் நாள் புது வலையோடு மூதூர்க் கரை வரை போனார்கள். ஐம்பதுக்கு ஐம்பது. எல்லாவற்றுக்கும் மேலே முப்பத்தேழு கிடந்து, நல்ல கண்ணால் அவனையே பார்த்தது. காற்றே இல்லை. விரல் விண்விண்ணென்று தெறித்தது. அவன் பயந்தே போனான்.

கரைக்கு வந்ததும், கெட்ட செய்தியை நேரில் சொல்ல றஊப்பின் வீட்டுக்குப் போய்க் கதிரையில் விழுந்தான்.

"குடாவைப் பூட்டப் போறாங்கள் நானா. துண்டு இல்லாத மீனே இல்லை."

"ஆர் சொன்ன? ஆயிரக்கணக்கில படுது. அதத்தானே விக்கிறம்! துண்டு போட்டது உங்கட அமானிதம், நம்பி விட்ட பொருள். அடுத்தவங்கட பொருளத் தொடுறது ஹறாம் சேர். எங்கட ஆக்கள் ஆர் புடிச்சாலும் வலைக்கூட்டுல உசிரோட வெச்சிருப்பம். நீங்க வலை போடுற இடத்துல, கொஞ்சம் முன்னால கொண்டுபோய் விடுவம். தேடி வாற மனிசன் வெறுங்கையோட போகலாமா?"

இராகுலன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். குடா தப்பியது. அடுப்புகள் தப்பின. கணக்கைப் புதிதாகத் தொடங்கினால் போதும்.

"அப்ப அந்த முப்பத்தேழையும் மூண்டு நாளும் நீங்கள்தான் விட்டனீங்கள்! நான் என்னவோ பேய் மீனெண்டு..."

வலைக்கூட்டு மீன்களின் இலக்கங்களைக் கொப்பியில் பதிந்து வைக்கும் றஊப்பின் மனைவி சனூஸா, தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றாள்.

"அத உங்களிட்டயே கேக்கணும் எண்டிருந்தன் சேர். மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பதும் வந்திட்டு. முப்பத்தேழு மட்டும் இன்னும் ஒருத்தர்ட வலையிலயும் படல்ல."