அருள்குமார் இன்று கத்தவில்லை

பொங்கியண்ணனின் சிந்து மாடு கடைக்குள் தலையை விட்டு, பிரித்து வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டையில் வாய் வைத்தபோது, அருள்குமார் சிரித்தான்.

"தின்னட்டுங்க. வாயில்லாத சீவன், அதுக்கென்னங்க தெரியும்?"

கேரள எல்லையோரத்து எருத்தேன்பதி கடைவீதியில் இப்படியொரு பேச்சு அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. சண்டைக்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாட்சிக்கு மாட்டையும் கையோடு பிடித்து வந்திருந்த பொங்கியண்ணன், மடித்த வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டார்.

"ஏம்ப்பா அருளு, நாஞ் சொன்னது காதுல உழுந்துச்சா? உன்ற தீவனத்தெப் போட்டதுல இருந்து மாடு பாலே கறக்கறதில்லீங்கறேன். நீ விக்கறது தீவனமே இல்ல, மண்ணுங்கறேன்!"

"அப்பிடீங்களாண்ணா? எம்மேல தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க. உக்காருங்க, டீ சொல்றேன்."

பொங்கியண்ணன் உட்காரவில்லை. மாட்டின் கயிற்றைக் கைநழுவ விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அருள்குமாரின் தீவனக் கடை அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. தீவனத்துக்குப் பாதிப் பெயர், அவன் தொண்டைக்குப் பாதிப் பெயர். தப்பான தீவனம் கேட்பவர்களைக் கத்துவான். சரியான தீவனத்தைத் தப்பான மாட்டுக்குக் கேட்பவர்களை இன்னும் பலமாகக் கத்துவான். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியவரைக் கத்துவான். அவர் பயந்துபோய் வண்டியை எடுத்தால், பின்னால் பார்க்காமல் எடுத்ததற்காக மறுபடியும் கத்துவான். சத்தம் தாங்காமல் யாரோ போன் போட்டு, போலீஸ் ஜீப்பே வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது.

மற்றபடி கெட்ட குணம் எதுவும் கிடையாது. ஆனால் பெண் வீட்டார் வீதியில் வந்து விசாரிக்கும்போது, "ஆளு தங்கமான ஆளுங்க, வாயிதான்..." என்று எல்லோரும் ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பிலேயே வந்த சம்பந்தமெல்லாம் போய்விட்டது. முப்பத்து நாலு வயதாகிறது. ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது அவனுக்கு அலுத்துவிட்டது. வெளியில் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் காலையில் தரகர் நாச்சிமுத்து போன் செய்தார்.

"எலப்புள்ளிப் பொண்ணுங். பேரு யோகப்பிரியா, பால் சொசைட்டில வேலை. இன்னைக்குத் தாய்மாமன் உங்க கடைக்கு வர்றாருங். இன்னாருன்னு சொல்ல மாட்டாரு, பண்டம் வாங்கறாப்புல வந்து ஆளெப் பாத்துட்டுப் போவாரு. அவருக்குப் புடிச்சாத்தான் ஜாதகம், போட்டோ எல்லாம். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங். இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த வாயெ மட்டும்..."

"கட்டிப்போடறனுங்க" என்றான் அருள்குமார்.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, கக்கத்தில் குடை. வீதியில் அதுவரை பார்த்திராத முகம். கடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு கிலோ தவிடு குடுங்க" என்றார்.

ஒரு கிலோ தவிடு எந்த மாட்டுக்குக் காணும்? கோழிக்கே காணாது. வேறொரு நாளாக இருந்தால் அவர் குடையை விரிப்பதற்குள் துரத்தியிருப்பான். இன்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தான்.

"உக்காருங்க மாமா... அதாவது, ஐயா. ஒரு கிலோ என்னங்க, நீங்க கேட்டா ஒரு புடி கூடத் தருவனுங்க."

பெரியவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதான் கடை ஓனருங்களா?"

"ஆமாங்க."

"எப்பவும் நீங்களேதான் இருப்பீங்களா? வேற யாராச்சும் அண்ணந் தம்பி..."

"நானு மட்டுந்தானுங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இப்பிடியேதானுங்க, சிரிச்சுக்கிட்டே."

பெரியவரின் முகம் ஏனோ வாடியது. மாட்டுத் தீவன வாசம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அருள்குமார் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பொங்கியண்ணன் மாட்டோடு வந்தார்.

இப்போது அதே பொங்கியண்ணன் எதிர்ச்சாரியிலிருந்த கௌசிக்கின் பேக்கரிக்குள் ஓடினார்.

"கௌசிக்கு, அருளுக்கு என்னமோ ஆயிப்போச்சுடா! மாடு மூட்டையெத் திங்குது, அவன் சிரிக்கறான். என்னெ அண்ணாங்கறான். மன்னிச்சுக்குங்கங்கறான்!"

கௌசிக் எட்டிப் பார்த்தான். கடைக்குள் யாரோ முன்பின் தெரியாத ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அருள்குமார் கைகட்டி அவர் முன்னால் நிற்கிறான். கௌசிக் ஒரு தட்டில் டீயை எடுத்துக்கொண்டான். டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போய், அருள்குமாரின் காதோரம் கிசுகிசுத்தான்.

"டேய், யாருடா இந்தாளு? கத்தி கித்தி வெச்சிருக்கானா?"

காட்டிக்கொள்ளக் கூடாதே. அருள்குமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஒண்ணுமில்லீங்க கௌசிக். இவரு கஸ்டமருங்க. உங்க டீ ரொம்ப நல்லாருக்குதுங்க."

கௌசிக்கின் டீயை அருள்குமார் ஒருநாளும் நல்லாருக்குது என்று சொன்னதில்லை. கௌசிக் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, அருள்குமாரின் அம்மா கருப்பாத்தாளுக்குப் போன் போட்டான். கருப்பாத்தாள் உடனே மகனுக்குப் போட்டாள்.

பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் மரியாதையாகப் பேசுகிற பையன் என்று தெரிய வேண்டாமா?

"சொல்லுங்கம்மா. சாப்ட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

கருப்பாத்தாள் போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பர் சரிதானா என்று பார்த்துக்கொண்டாள்.

"யாரு பேசறது?"

"நாந்தானுங்கம்மா, அருளு."

"என்ற பையன் இப்பிடிப் பேச மாட்டான். யாருடா நீ? எம்பையனெ என்னடா பண்ணுனே?"

"அம்மா, கோவிச்சுக்காதீங்கம்மா. அப்பறமாக் கூப்படறனுங்கம்மா" என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். கருப்பாத்தாள் அடுத்து போலீசைக் கூப்பிட்டாள். யாரோ தன் மகனைப் பிடித்து வைத்திருக்கிறான், மகனின் போனில் வேறு எவனோ பேசுகிறான் என்று ஒப்பாரியோடு சொன்னாள்.

ஜீப் வந்துவிட்டது. எஸ்.ஐ. ஜோமோன் இறங்கினார், கூடவே பெண் போலீஸ் பிரதீபா. கோட்டயத்துக்காரரான ஜோமோனுக்கு எல்லைப் பக்கத்து வேலையில் தமிழ் ஒருவாறு வசப்பட்டிருந்தது. அருள்குமாரையும் நன்றாகத் தெரியும். போன தடவை வந்தபோது, கடையை மறித்து ஜீப்பை நிறுத்தியதற்காக அவரையே கத்தியவன் அல்லவா?

"எந்தா அருள்குமாரே, எந்தா பிரச்னை?"

"பிரச்னை ஒண்ணுமில்லீங்க சார். வாங்க, உக்காருங்க."

ஜோமோன் வாசலைப் பார்த்தார். ஜீப் கடையை முழுசாக மறித்துக்கொண்டு நின்றது. "ஞான் ஜீப்பெ இங்கதான் நிறுத்திட்டுண்டு. ஒண்ணும் பறயல்லே, கத்தல்லே?"

"நிறுத்துங்க சார். நம்ம ஜீப்பு."

ஜோமோனின் கை லத்தியைத் தேடிப் போயிற்று. பிரதீபாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கடைக்குள் வந்து பெரியவரின் பின்னால் நின்றுகொண்டாள். ஜோமோன் அருள்குமாரின் தோளில் கைபோட்டு, உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"பேடிக்கண்டா, பயப்படாதே. வாயால சொல்ல வேண்டாம். இந்த ஆளு மெரட்டறான்னா, கண்ணெ மட்டும் சிமிட்டு. அது மதி, போதும்."

அருள்குமார் பெரியவரைப் பார்த்தான். பெண்ணின் தாய்மாமனைப் போலீஸ் பிடித்தால் எலப்புள்ளிப் பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது. என்ன ஆனாலும் கண்ணைச் சிமிட்டக் கூடாது என்று இரண்டு கண்களையும் அகல விரித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து, பருத்திக்கொட்டை அலுத்துப்போன மாடு பக்கத்திலிருந்த தவிட்டு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்து ஒரு தும்மல் போட்டது. கடை முழுக்கத் தவிடு பறந்தது. விரித்த கண்ணுக்குள் எல்லாம் போய் விழுந்தது.

அருள்குமார் சிமிட்டினான். சிமிட்டிக்கொண்டே இருந்தான்.

"பிடி!" என்றார் ஜோமோன்.

பிரதீபா பெரியவரின் இரண்டு கையையும் பிடித்துவிட்டாள். குடை கீழே விழுந்தது.

"ஏனுங்க, உடுங்க! நானு தவிடு வாங்க வந்தவனுங்க!"

"எத்தனை மாடு இருக்குது உங்களுக்கு?" என்று கேட்டாள் பிரதீபா.

"மாடு... எனக்கு மாடு இல்லீங்க."

"ஆடு?"

"அதும் இல்லீங்க."

"அப்பறம் தவிட்டெ நீங்களா திங்கப் போறீங்க?"

மாப்பிள்ளை பார்க்க வந்தேன் என்று மாப்பிள்ளைக்கு முன்னாலேயே பெரியவர் எப்படிச் சொல்லுவார்? எனக்கு மாமனாகப் போகிறவர் என்று அருள்குமார்தான் எப்படிச் சொல்லுவான்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். ஜோமோனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போய் பேசலாம். நட!"

"சார், தயவு பண்ணி உடுங்க சார். ரொம்ப நல்லவருங்க சார்" என்று அருள்குமார் கெஞ்சினான்.

"பாவம், அத்தறைக்குப் பேடிச்சிருக்கு" என்றார் ஜோமோன், பிரதீபாவிடம்.

அதற்குள் வீதியே திரண்டுவிட்டது. ஆட்டோவில் வந்து இறங்கிய கருப்பாத்தாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நேராகப் பெரியவரின் சலவைச் சட்டையைப் பிடித்தாள். "எம்பையனுக்கு என்ன மருந்துடா குடுத்தே?" என்று உலுக்கினாள். பொங்கியண்ணன் பெரியவரின் குடையை எடுத்து அவரையே அடிக்க ஓங்கினார். உள்ளே மாடு தாதுஉப்பு டப்பாவைத் தட்டிவிட்டு, ஊதுபத்தியைத் தின்று பார்த்துக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து அருள்குமார் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது.

"நிறுத்துங்கடா எல்லாரும்!"

பேக்கரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாடு தின்பதை நிறுத்தியது.

"பொங்கியண்ணா, கொடையெக் கீழ போடு! சென முத்தி நிக்கற மாட்டுக்குப் பால் வத்தாம பின்ன வெள்ளமாவா வரும்? அதெ வெயில்ல வேற இழுத்துட்டு வந்திருக்கறே, நீயெல்லாம் மனுசனா? மொதல்ல அதெக் கூட்டிட்டுப் போயித் தண்ணி காட்டு! டேய் கௌசிக்கு, உன்ற டீ கழனித்தண்ணிடா! அம்மா, அவரு சட்டையெ உடு! மருந்தும் இல்ல மண்ணும் இல்ல, தவிடு கண்ணுல உழுந்துருச்சு! சாரே, வயசானவரு கையெ இப்பிடியா முறுக்குவீங்க? இதுக்குத்தான் காக்கிச்சட்டை குடுத்திருக்குதா? மொதல்ல இந்த ஜீப்பெக் கடெ முன்னாலருந்து எடுங்க!"

வீதியே ஒரு பெருமூச்சு விட்டது. கருப்பாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ற சாமி! இது என்ற பையந்தான்!"

ஜோமோனும் சிரித்துவிட்டார். "ஆ, இப்போ சரியாயி" என்று பெரியவரின் கையை விடச் சொன்னார், குடையை வாங்கித் தன் கையாலேயே கொடுத்தார். ஜீப் ஒதுங்கியது. மாட்டை ஓட்டிக்கொண்டு பொங்கியண்ணன் போனார். கருப்பாத்தாள் அதே ஆட்டோவில் ஏறினாள். கூட்டமும் நிம்மதியாகக் கலைந்தது.

கடையில் அருள்குமாரும் பெரியவரும் மட்டும் மிஞ்சினார்கள். பெரியவர் சட்டையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அருள்குமாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எல்லாம் போயிற்று. இனி மறைத்துத்தான் என்ன பயன்?

"மன்னிச்சுக்குங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. காலையில நீங்க பாத்தது நடிப்புங்க. நானு எப்பவும் இப்பிடித்தான் கத்துவனுங்க. பொய்யச் சொல்லிப் பொண்ணு கட்ட வேண்டாமுங்க. போயிட்டு வாங்க."

பெரியவர் தட்டுவதை நிறுத்தினார். குடையை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும், காலையிலிருந்து வாடிக்கிடந்த முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"அம்மிணி யோகு, நீ தீவனம் வாங்கப் போனப்ப, எருவுக்கு ஒதுக்கி வெச்ச பூசணம் புடிச்ச புண்ணாக்கெ வெலை கம்மியாக் கேட்டதுக்கு, 'மாட்டெக் கொல்லப் பாக்கறியா'ன்னு உன்னெயக் கத்தித் தொரத்துனானே ஒருத்தன், கட்டுனா அவனெத்தான் கட்டுவேன்னு நின்னியே... காலையில இருந்து குழைஞ்சு குழைஞ்சு பேசறதெப் பாத்து நானும் கடெ மாறி வந்துட்டனாட்ட இருக்குதுன்னு கெளம்பப் பாத்தேன், அந்த மனுசன் இவரேதாம் புள்ள!"