கரையாத உப்பு

கடலோரத்தில் வெள்ளளம் என்று ஒரு நாடு இருந்தது. வெயிலைத் திட்டித் திட்டியே வளர்ந்த உப்பளத்து மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். பாத்தியில் வெள்ளை பூத்ததும் அரண்மனைப் பக்கம் திரும்பி, "மன்னர் விளைத்த உப்பு வாழ்க" என்று மூன்று முறை கூவ வேண்டும். உப்பை விளைத்தது யார் என்பது கூவுகிறவர்களுக்குத் தெரியும் என்றாலும், வழக்கம் வழக்கம்தான்.

ஒரு மார்கழிக் காலையில் எழுந்து பார்த்தால் பாத்தி, வரப்பு, கூரை, படகு எல்லாம் வெள்ளை. யோசிக்காமல் கூவிவிட்டார்கள். மன்னரும் மாடத்துக்கு வந்து, தமக்கே உரிய அடக்கத்தோடு, "ஆம், எல்லாம் நாம் விளைத்ததே" என்று ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மக்கள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். விரல் மரத்துப்போனது. வானத்திலிருந்து விழுந்தது பனி. ஆனால் மன்னர் ஏற்றுக்கொண்டதைத் திருப்பிக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

நாலு நாளில் உருகிவிடும் என்று பேசாமல் இருந்தார்கள். தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது. பனி அப்படியே கிடந்தது. கடலோரத்தில் அலைகூட மெல்ல இறுகத் தொடங்கியது.

தலைமை மந்திரி கனகமார்த்தாண்டர் ஆணைகளை வாசித்தார். நெருப்பு உப்பைக் கரைக்கும். கரைந்தால் அரசுக்கு நட்டம். ஆகவே வீடுகளில் அடுப்பெரிக்கக் கூடாது. குளிர் என்ற சொல்லும், உடம்பில் காணும் நடுக்கமும் மன்னரின் விளைச்சலுக்கு அவமதிப்பு. அப்படிச் சொன்னவரையோ நடுங்கியவரையோ காட்டிக்கொடுப்பவர் அரண்மனை மண்டபத்தில் நெருப்பருகே உட்காரலாம். அந்த ஒரு நெருப்பு மட்டும் நாட்டின் பாதுகாப்புக்காக எரிந்தது. மக்கள் ஊறவைத்த அரிசியை மென்று தின்று, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டார்கள்.

சந்தனமாரியின் கணவன் ஒரு நாள் வாசலில் நடுங்கினான். அன்றே பிடித்துக்கொண்டு போனார்கள். சொன்னது எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. அதனால் எல்லா வீட்டையும் பார்த்துப் பயந்தாள். மிச்சமிருந்தது கைக்குழந்தை பூரணி மட்டும். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. பாலை இழுத்துக் குடிக்கவும் அதற்குத் தெம்பில்லை. இரவெல்லாம் அதன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி கிடந்தாள்.

சித்திரையில் தேர்தல் வந்தது. அந்த நாட்டில் வாக்கு என்பது ஒரு கைப்பிடி உப்பு. தமக்குப் பிடித்தவரின் பானையில் அதைப் போட வேண்டும். மன்னரை எதிர்த்து ஒரு படகுத் தச்சர் நின்றார். அடுப்பெரிக்க விடுவேன் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் ஊரே ஆளுக்கொரு கைப்பிடி பனியை அள்ளி அவர் பானையில் போட்டது. சந்தனமாரியும் போட்டாள்.

எண்ணும் நாளில் அரண்மனை மண்டபத்தில் மன்னரின் பானை வாசலோரம் இருந்தது. தச்சரின் பானையை மரியாதை நிமித்தம் நெருப்பருகே வைத்திருந்தார்கள். மந்திரி அதைக் கவிழ்த்தார். தண்ணீர் ஓடியது.

"தச்சருக்கு ஒரு கைப்பிடி உப்புகூட விழவில்லை. மக்கள் தண்ணீர் தெளித்து அவரை வழியனுப்பிவிட்டார்கள்" என்றார்.

ஓடிய தண்ணீரைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே போகும்போது வாசலில் ஒவ்வொருவரிடமும், பானையில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். எல்லோரும் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். சந்தனமாரியும் அதையே சொன்னாள். கேட்ட காவலன் ஐவராசன் அவள் தெருக்காரன், அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். மண்டபத்துச் சூட்டில் பூரணியின் உதடு கொஞ்சம் சிவந்திருந்தது. அவன் குனிந்து குழந்தையைப் பார்த்தான்.

"வெளிய குளிரு கொல்லுது தாயி. பிள்ளைய நல்லா பொத்திக்கிட்டு வெரசா வீட்டுக்குப் போ" என்று மெல்லச் சொன்னான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் கண்ணில் தெரிந்த பயம் அவளுக்கு நன்றாகப் பழகிய பயம்.

"அங்கே என்ன பேச்சு?" என்று மந்திரி மேடையிலிருந்து கேட்டார்.

சந்தனமாரி வெளியே பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி நெருப்பைப் பார்த்தாள். குழந்தை அந்த நேரம் பார்த்து நெஞ்சில் முட்டிப் பால் தேடியது. பல நாளைக்குப் பிறகு தேடியது.

"இவரு குளிருதுன்னு சொன்னாருய்யா" என்றாள்.

அன்று பூரணி நெருப்பருகே வயிறு நிறையக் குடித்துவிட்டு, கையை விரித்துப் போட்டுத் தூங்கினாள். சுற்றிலும் ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் சந்தனமாரியின் தெருக்காரர்கள். அடுத்த வீட்டுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் எத்தனை நாளாக அங்கே இருக்கிறாள் என்று சந்தனமாரி கேட்கவில்லை.

அவ்வளவு சூட்டிலும் அவளுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி அதைக் கவனித்துவிட்டு, மெதுவாக எழுந்து மந்திரியிடம் போனாள்.